மூலைமட்டம், கவராயம், வேலங்கிளை

கல்தச்சர் கருவிகளைச் சின்னங்களாகக் கொண்டு சடங்குகளோடு கூடும் சங்கத்தினரான பிரீமேசன்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி சதிக்கதைகளாகவே இருக்கின்றன. டாலர் நோட்டில் ஒரு கண், ஏதோ ஒரு தலைவரின் கைகுலுக்கலில் ஒரு சங்கேதம், பழைய கட்டடத்தின் முகப்பில் பொறித்த ஒரு கவராயம் என எதைக் கண்டாலும், உலகை மறைவிலிருந்து ஆளும் கூட்டத்தின் முத்திரை அது என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டுமானத் தளங்களில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இச்சின்னங்களில் ஏற்பட்ட ஆர்வம் வேறு வகையைச் சேர்ந்தது. உளி, சுத்தியல், தூக்குக்குண்டு, மூலைமட்டம் முதலிய கொத்தனார் கருவிகளை எடுத்து, கொத்து வேலையே அறியாத கனவான்கள் தங்களுக்கு ஓர் ஒழுக்கநெறியை எப்படி அமைத்துக்கொண்டார்கள் என்பதுதான் நான் அறிய விரும்பியது. நான் அந்தச் சங்கத்தின் உறுப்பினன் அல்லன். சேரும் எண்ணமும் இல்லை. உறுப்பினராக இல்லாதவர் இதைப் படித்தறிய முடியாது என்பதும் உண்மையில்லை. சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 1730ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, உறுப்பினர் ஒவ்வொன்றாக ஏறும் மூன்று படிகளுக்கும் உரிய சடங்குக் கேள்வி பதில்களை ஊரறியச் செய்துவிட்டார். அதன் பின்னர் வந்த சடங்கு நூல்களும் விளக்க நூல்களும் ஏராளம். ஒவ்வொரு சின்னத்துக்கும் என்ன பொருள் என்பதைச் சடங்கின்போது புதியவருக்கு உரக்கச் சொல்லியே விளக்குகிறார்கள். அவற்றையெல்லாம் படித்த அளவில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: இச்சின்னங்களின் பொருளைப் படத்தில் தேடுவது வீண் வேலை. ஒரு கருவி எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவர் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கல்தச்சர்கள் தளத்தின் அருகே ஒரு கொட்டகை போட்டு அதில் வேலை செய்தார்கள். அந்தக் கொட்டகைக்கு இருந்த லாட்ஜ் என்ற பெயரே பின்னர் பிரீமேசன்களின் கிளைகளுக்கும் ஆயிற்று. ஸ்காட்லாந்து அரசரின் கட்டட மேற்பார்வையாளராக இருந்த வில்லியம் ஷா 1598, 1599 ஆகிய ஆண்டுகளில் கல்தச்சர்களுக்கு விதிமுறைகளை வகுத்தார். இரண்டாவது விதித்தொகுப்பில், சேர்பவர்களை நினைவுக்கலையில் சோதிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. மனத்துக்குள் ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்து, அதன் தூண்களிலும் படிகளிலும் அறைகளிலும் நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, பிறகு அந்தக் கட்டடத்தில் மனத்தால் நடந்தபடியே அவற்றை எடுத்துக்கொள்வதுதான் ஐரோப்பியர் பயின்ற நினைவுக்கலை. பிரீமேசன் கூடத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு விதி பல விஷயங்களைத் தெளிவாக்கிவிடும். 17ஆம் நூற்றாண்டில் கல்தச்சர் அல்லாதவர்களும் இக்கிளைகளில் சேரத் தொடங்கினார்கள். பழம்பொருள் ஆய்வாளரான இலியாஸ் ஆஷ்மோல் 1646 அக்டோபரில் வாரிங்டனில் தாம் சேர்க்கப்பட்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். லண்டனின் நான்கு லாட்ஜ்கள் 1717 ஜூன் 24 அன்று ஒரு மதுக்கடையில் கூடித் தலைமை லாட்ஜை அமைத்தன என்பது மரபாகச் சொல்லப்படும் தொடக்கம். அந்த ஆண்டைச் சில ஆய்வாளர்கள் அண்மையில் கேள்விக்குள்ளாக்கி, 1721 என்கிறார்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் 1723இல் அச்சானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

கருவிக்கு அறப்பொருள் கற்பிக்கும் வழக்கம் கனவான்கள் வந்த பிறகே தோன்றியது என்றும் கருத வேண்டாம். அயர்லாந்தின் லிமரிக் நகரில் 1830இல் ஒரு பழைய பாலத்தைப் புதுப்பித்தபோது பித்தளை மூலைமட்டம் ஒன்று கிடைத்தது. அன்போடும் கவனத்தோடும், மட்டத்துக்கும் மூலைமட்டத்துக்கும் ஏற்ப வாழ முயல்வேன் என்ற வாசகமும் 1507 என்ற ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

தொடக்க காலத்தில் இவர்களுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. மதுக்கடைகளின் மாடியறைகளில் கூடினார்கள். ஆகவே சின்னங்களைச் சாக்கட்டியாலும் கரியாலும் தரையில் வரைந்து, அதைச் சுற்றி நின்று விளக்கம் சொல்லி, சடங்கு முடிந்ததும் துடைப்பமும் தண்ணீரும் கொண்டு கழுவி அழித்துவிடுவார்கள். பல இடங்களில் அழிக்கும் வேலை அன்று புதிதாகச் சேர்ந்தவருடையது. ஒவ்வொரு முறையும் வரைந்து அழிப்பதில் சலிப்பு ஏற்பட்டதாலோ என்னவோ, பிற்பாடு வண்ணம் தீட்டிய துணியை விரித்தார்கள். அதற்கும் பிறகு மரச்சட்டமிட்ட பலகைகள் வந்தன. ஜான் ஹாரிஸ் என்ற ஓவியர் 1845இல் லண்டனின் எமுலேஷன் லாட்ஜுக்காக வரைந்த மூன்று பலகைகளின் சாயலைத்தான் இன்று உலகின் பல கூடங்களில் காண்கிறோம். அழகான ஓவியங்கள்தாம். ஆனால் நிலையான படமாக மாறிய பிறகுதான் இவை எங்கேயும் எடுத்துச்சென்று, சூழலைக் கத்தரித்துவிட்டு, விருப்பம்போல் விளக்கக்கூடிய ‘மர்மச் சின்னங்கள்’ ஆயின என்பது என் கருத்து.

சடங்கில் புதியவர் நுழையும் விதத்தைப் பார்த்தால் நான் சொல்லவருவது விளங்கும். வருபவரின் கண்களைக் கட்டுகிறார்கள். கழுத்தில் ஒரு கயிற்றைத் தளர்வாக மாட்டுகிறார்கள். இடது மார்பும் இடது முழங்காலும் வலது கையும் தெரியும்படி உடையை ஒதுக்குகிறார்கள். அவரிடம் இருக்கும் பணத்தையும் உலோகப் பொருள்கள் அனைத்தையும் வெளியிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாலொமோனின் ஆலயம் கட்டப்பட்டபோது கற்களை மலையிலேயே செதுக்கிக் கொண்டுவந்ததால் கட்டுமிடத்தில் சுத்தி, வாச்சி முதலிய எந்த இரும்பாயுதத்தின் ஓசையும் கேட்கவில்லை என்கிறது விவிலியத்தின் முதலாம் இராஜாக்களின் புத்தகம். உலோகத்தை விலக்குவதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. உறுதிமொழி முடிந்து கண்கட்டு அவிழ்ந்த பின், அவரைக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் நிறுத்துகிறார்கள். கட்டடத்தின் முதற்கல்லை வடகிழக்கில் வைக்கும் வழக்கப்படி, அன்று அவரே முதற்கல். அங்கு நிற்கும்போது, ஏழை உறுப்பினர்களின் உதவிக்காக ஏதேனும் நன்கொடை தர முடியுமா என்று அவரிடம் கேட்கப்படுகிறது. சட்டைப்பையில் ஒரு காசும் இல்லை. இல்லை என்று பலர் முன்னிலையில் சொல்ல வேண்டியதாகிறது. இனி உன்னிடம் ஒருவன் கையேந்தி வரும்போது, கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற இந்த நேரத்தை நினைத்துக்கொள் என்று அப்போது சொல்கிறார்கள். பிரீமேசன் சின்னங்களுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது எந்தப் பலகையிலும் வரையப்படாத இந்த வெற்றுச் சட்டைப்பைதான்.

இந்த வடகிழக்கு மூலையை நம்மூர் ஈசானிய மூலையோடு முடிச்சுப் போட்டு, எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் சான்று எதையும் அவர்கள் காட்டுவதில்லை. ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்வதானால் எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம்.

முதற்படியில் மூன்று கருவிகள் தரப்படுகின்றன: 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. அளவுகோலின் 24 அங்குலமும் நாளின் 24 மணி நேரம். அதைப் பங்கிடும் விதத்தில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சடங்கில் கடவுளுக்கும் துன்புற்ற சகோதரருக்கும் எட்டு மணி, தொழிலுக்கு எட்டு மணி, உணவுக்கும் உறக்கத்துக்கும் எட்டு மணி என்று கணக்காகப் பிரித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் எமுலேஷன் சடங்கிலோ எத்தனை மணி என்ற கணக்கே இல்லை. வழிபாட்டுக்கு ஒரு பகுதி, உழைப்புக்கும் இளைப்பாறலுக்கும் ஒரு பகுதி, தனக்கோ தன்னைச் சார்ந்தவர்க்கோ கேடில்லாத வகையில் பிறருக்கு உதவ ஒரு பகுதி என்று மட்டும் சொல்கிறார்கள். சுத்தியல் மனச்சாட்சியின் வலிமை. உளி கல்வியின் பயன். இவற்றைக் கொண்டு செதுக்கப்பட வேண்டிய கல் இரண்டு நிலைகளில் கூடத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். மலையிலிருந்து பெயர்த்தபடியே கரடுமுரடாக உள்ளது ஒன்று. ஆறு பக்கமும் சமமாகச் செதுக்கி மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தது மற்றொன்று. கரடுமுரடான கல் சேர்ந்த அன்றைய மனிதர், செதுக்கிய கல் அவர் ஆக வேண்டிய மனிதர். விளக்கம் அவ்வளவு எளிமையானது. இதற்கு மேல் அதில் ரசவாதத்தையும் எகிப்தையும் ஏற்றுபவர்கள் பிற்காலத்தவர்கள்.

இரண்டாம் படியில் மூலைமட்டம், மட்டம், தூக்குநூல் ஆகிய மூன்றும் வருகின்றன. இவை வெறும் பாடக்கருவிகளாக இருப்பதோடு பதவிச் சின்னங்களாகவும் இருக்கின்றன. லாட்ஜின் தலைவர் கழுத்தில் மூலைமட்டத்தை அணிந்து கிழக்கில் அமர்கிறார். முதல் துணைத்தலைவர் மட்டத்தை அணிந்து மேற்கில் அமர்கிறார். இரண்டாம் துணைத்தலைவர் தூக்குநூலை அணிந்து தெற்கில் அமர்கிறார். ஆண்டுதோறும் பதவி மாறும்போது இவையும் கைமாறுவதால், இங்கிலாந்தில் இவற்றை அசையும் அணிகள் என்று சொல்கிறார்கள். அவர்களுடைய மட்டம், நாம் பயன்படுத்தும் ரசமட்டத்துக்கு முந்தைய வகை: முக்கோணச் சட்டத்தின் உச்சியிலிருந்து நூலில் குண்டு தொங்கும், அடிச்சட்டத்தின் நடுக்கோட்டில் நூல் நின்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்று பொருள். ஆக மட்டத்துக்குள்ளேயே ஒரு தூக்குநூல் இருக்கிறது. மனிதரிடையே சமத்துவம் மட்டத்தின் பொருள், தனிமனித நேர்மை தூக்குநூலின் பொருள் என்று அவர்கள் விளக்குவதைப் படிக்கும்போது, நேர்மை இல்லாத இடத்தில் சமத்துவமும் நிற்காது என்று கருவியின் அமைப்பே சொல்வதுபோல் எனக்குப் படுவதுண்டு. இது என் விளக்கம், அவர்களுடையது அல்ல.

கிழக்கில் தலைவர் அமர்வது சூரியன் எழுவதைக் குறிக்கிறது. தெற்கில் இருப்பவர் உச்சிப்பொழுதையும் மேற்கில் இருப்பவர் சூரிய மறைவையும் குறிக்கிறார்கள். வடக்கில் எவரும் இல்லை. சூரியன் அப்பக்கம் வருவதில்லையாதலால் அது இருளின் திசை என்பது மரபு. லண்டனிலும் எடின்பரோவிலும் இது முற்றிலும் சரி. சென்னையிலோ ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எழும்பூரில் பிரீமேசன்களின் கூடம் இருக்கிறது. அங்கும் வடக்கு இருளின் திசையாகவே கொள்ளப்படும் என்றால், அந்த இருள் வானத்தைப் பார்த்துச் சொன்னது அன்று, வந்த வழியைப் பார்த்துச் சொன்னது.

மட்டம் சமத்துவத்தின் சின்னம் என்று எழுதிவிட்டு, அந்தச் சங்கம் அதை எப்படிக் கடைப்பிடித்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டர்சனின் விதிநூல் பெண்களையும் அடிமைகளையும் விலக்கியது. பிறப்பிலேயே சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ‘சுதந்திரமாகப் பிறந்தவர்’ என்ற அச்சொற்கள், பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்த பிறகு, 1847இல்தான் ‘சுதந்திர மனிதர்’ என்று மாற்றப்பட்டன. அமெரிக்காவின் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் அவருடைய தோழர்களும், பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஒரு லாட்ஜில் சேர்ந்தும், உள்ளூர் வெள்ளையர்களின் ஏற்பைப் பெற முடியாமல், லண்டனுக்கு எழுதி 1784இல் தங்களுக்கெனத் தனி அனுமதிப் பத்திரத்தை வாங்க வேண்டியதாயிற்று. அவர் பெயரால் வழங்கும் கறுப்பின லாட்ஜ்களை அமெரிக்க மாநிலத் தலைமைகள் அங்கீகரிக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. மட்டம் அத்தனை ஆண்டுகளும் மேற்கிலிருந்த துணைத்தலைவரின் கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த சின்னம் மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. திறந்து வைத்த வேதநூலின் மீது இவை இரண்டும் வைக்கப்படுகின்றன. வேதநூல், மூலைமட்டம், கவராயம் ஆகிய மூன்றையும் பேரொளிகள் என்கிறார்கள். வேதநூல் நம்பிக்கையை வழிநடத்துவது, மூலைமட்டம் செயலை நேராக்குவது, கவராயம் ஆசைகளை எல்லைக்குள் நிறுத்துவது. கார்களிலும் மோதிரங்களிலும் ஒட்டும் படத்தில் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. முதற்படியில் கவராயத்தின் இரண்டு முனைகளும் மூலைமட்டத்தின் அடியில் மறைந்திருக்கும். இரண்டாம் படியில் ஒரு முனை மட்டும் மேலே எடுத்து வைக்கப்படும். மூன்றாம் படியில் இரண்டு முனைகளும் மேலே வந்துவிடும். கூடத்துக்குள் நுழைபவர் அந்த மேடையை ஒருமுறை பார்த்தாலே அன்று எந்தப் படியில் சபை நடக்கிறது என்று அறிந்துகொள்வார். அதே இரண்டு கருவிகள். வைப்புமுறை மாறினால் செய்தி மாறிவிடுகிறது.

நடுவில் இருக்கும் ஜி என்ற எழுத்து அமெரிக்கச் சின்னங்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. இங்கிலாந்தில் அதைப் பெரும்பாலும் கூடத்தின் மேற்கூரையிலிருந்து தனியாகத் தொங்கவிடுகிறார்கள். கடவுளையும் வடிவியலையும் அந்த ஓரெழுத்து குறிக்கிறது. முதற்படியில் ‘பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி’ என்று அழைக்கப்படும் இறைவன் இரண்டாம் படியில் ‘பெரும் வடிவியலாளர்’ ஆகிறார். வடிவியல் மீது இவர்களுக்கிருந்த பக்தி சாதாரணமானதன்று. ஆண்டர்சன் நூலின் முகப்புப் படத்தில் யூக்ளிடின் முதல் நூலைச் சேர்ந்த 47ஆம் தேற்றம் வரையப்பட்டிருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றி நாம் பள்ளியில் பிதாகரஸ் பெயரில் படித்த தேற்றம் அது. அதே தேற்றத்தைப் பொறித்த வெள்ளித் தகடு மூலைமட்டத்திலிருந்து தொங்குவதுதான் இங்கிலாந்தில் முன்னாள் தலைவர்கள் அணியும் பதக்கம். அஸ்திவாரம் தோண்டுமுன் நூல் கட்டி, ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நம் மேஸ்திரிகள் மூலை பார்ப்பதும் இதே தேற்றத்தைக் கொண்டுதான். மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் இத்தேற்றத்தைக் கொண்டு சோதிக்கலாம். பதவியில் இருப்பவர் கருவியை அணிய, பதவியை முடித்தவர் அக்கருவிக்கான சான்றை அணிகிறார். யார் இப்படி ஒழுங்குசெய்தாரோ, அவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

யாகீன், போவாஸ் என்ற இரு தூண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சாலொமோனின் ஆலய மண்டபத்தின் முன் நிறுத்தப்பட்ட வெண்கலத் தூண்கள் அவை. ஒவ்வொன்றும் 18 முழ உயரம் என்கிறது இராஜாக்களின் புத்தகம். ஒன்று வலிமையையும் மற்றொன்று நிலைநிறுத்துதலையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து உறுதியைக் குறிக்கின்றன. ஆனால் விவிலியத்தில் கிண்ண வடிவத் தலைப்புகளாக இருந்தவற்றின் இடத்தில் பிரீமேசன் கூடங்களில் பூமியுருண்டையும் வானுருண்டையும் அமர்ந்திருக்கின்றன. சாலொமோன் காலத்துக்கு இது சற்றும் பொருந்தாது. நிலப்படங்களும் தொலைநோக்கிகளும் கனவான்களின் பொழுதுபோக்காக இருந்த 18ஆம் நூற்றாண்டு லண்டனுக்கு நன்றாகவே பொருந்துகிறது. வளைந்தேறும் படிக்கட்டும் அத்தகையதே. விவிலியம் சுழற்படிகள் இருந்தன என்று மட்டும் சொல்கிறது; அவற்றை மூன்று, ஐந்து, ஏழு என்று எண்ணி, ஐந்துக்குக் கட்டடக்கலையின் ஐந்து தூண்வகைகளையும் ஏழுக்கு இலக்கணம் முதல் வானியல் வரையுள்ள ஏழு கலைகளையும் பொருத்தியவர்கள் இவர்களே. நினைவுக்கலையைச் சோதிக்கச் சொன்ன ஷாவின் விதியை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் படிதான் இம்முழு அமைப்பின் உச்சம். ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஈராம் கொல்லப்பட்ட கதை அதில் நடித்துக் காட்டப்படுகிறது. விவிலியத்தில் வரும் ஈராம் நப்தலி கோத்திரத்து விதவையின் மகன், தீருவிலிருந்து வந்த வெண்கல வேலைக்காரன். தனக்கிட்ட வேலைகளையெல்லாம் செய்து முடித்தான் என்பதோடு அவனைப் பற்றிய செய்தி நின்றுவிடுகிறது. கொலை எதுவும் இல்லை. பிரீமேசன் கதையிலோ, நண்பகலில் வழிபாட்டை முடித்துக்கொண்டு வெளியேறும் ஈராமை மூன்று பணியாளர்கள் மூன்று வாசல்களில் மறித்து, ஆசான்களுக்கு மட்டுமே உரிய ரகசியச் சொல்லைக் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். இங்கிலாந்துச் சடங்கின்படி முதலாமவன் தூக்குநூல் சட்டத்தால் நெற்றிப்பொட்டில் அடிக்கிறான். இரண்டாமவன் மட்டத்தால் மறுபக்கம் அடிக்கிறான். மூன்றாமவன் கனத்த கொட்டாப்புளியால் நெற்றியில் அடித்துக் கொன்றுவிடுகிறான். நேர்மையின் சின்னம் என்றும் சமத்துவத்தின் சின்னம் என்றும் சென்ற படியில் கையில் கொடுக்கப்பட்ட அதே கருவிகள் இந்தப் படியில் கொலைக்கருவிகளாகத் திரும்பி வருகின்றன. இதை வடிவமைத்தவர்கள் நினைத்தே செய்தார்களா என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆனாலும் கருவிக்கென்று தனி அறம் எதுவும் இல்லை என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

ஈராமாக நடிப்பவர் வேறு யாரும் அல்லர். அன்று மூன்றாம் படியைப் பெறுபவரே அடிபட்டு விழுந்து, தரையில் கிடத்தப்பட்டு, பிறகு கைகொடுத்துத் தூக்கி நிறுத்தப்படுகிறார். ஈராமின் உடலைத் தேடிச் சென்றவர்களில் ஒருவர், மேட்டில் ஏறும்போது பிடிப்புக்காகப் பற்றிய செடி வேரில்லாமல் கையோடு வந்துவிடுகிறது. புதைத்த இடத்தை அடையாளம் காட்ட ஊன்றிய வேலங்கிளை அது. உடன்படிக்கைப் பெட்டியைச் செய்ய யாத்திராகமம் குறிப்பிடும் சீத்திம் மரமும் வேல மர வகையே. மூன்றாம் படியின் பலகையில் சவப்பெட்டியும் மண்டையோடும் அதன் தலைமாட்டில் இக்கிளையும் வரையப்பட்டிருக்கின்றன. உறுப்பினர் இறந்தால் குழியில் வேலங்கிளை அல்லது வேறொரு பசுந்தழையை இடுவது பல இடங்களில் வழக்கம். அழியாமையின் சின்னம் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் பொருள். கதைக்குள் அக்கிளை செய்த வேலை, குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. அது ஏனோ விளக்கவுரைகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. ஈராமோடு அந்த ரகசியச் சொல்லும் போய்விட்டது என்பது கதையின் முடிவு. அதற்குப் பதிலாக ஒரு மாற்றுச்சொல்லே வழங்கப்படுகிறது. மூன்று படிகளையும் ஏறி முடித்தவருக்கும் கிடைப்பது அசல் அன்று, அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டதுதான் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லும்போது, அங்கே உலக ரகசியம் ஒளிந்திருப்பதாக வெளியிலிருப்பவர்கள் நம்புவது விந்தையாகத்தான் இருக்கிறது.

இனி டாலர் நோட்டின் கண். அமெரிக்க அரசு முத்திரையில் கண்ணைச் சேர்க்கும் யோசனை 1776இல் அமைத்த குழுவுக்கு உதவிய ஓவியர் டூ சிமித்தியேரிடமிருந்து வந்தது. அவர் பிரீமேசன் அல்லர். பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன் ஆகிய மூவர் குழுவில் பிராங்க்ளின் ஒருவரே பிரீமேசன். முத்திரை 1782இல் இறுதியானது. முக்கோணத்துக்குள் கண் என்பது கிறித்தவ ஓவியத்தில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இறைவனைக் குறித்து வந்த அடையாளம். அமெரிக்க பிரீமேசன் விளக்க நூல்களில் அனைத்தையும் காணும் கண் இடம்பெறுவது 1797இல் தாமஸ் ஸ்மித் வெப் எழுதிய நூலில். அந்த முத்திரையின் பின்பக்கத்தை 1935இல் ஒரு டாலர் நோட்டில் அச்சிட ஒப்புதல் அளித்த அதிபர் ரூஸ்வெல்ட் பிரீமேசன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது அதுதான். முத்திரையில் அந்தக் கண்ணுக்குக் கீழே அரைகுறையாக நிற்கும் பிரமிடோ மூன்று படிகளின் சடங்கில் எங்கேயுமே இல்லை.

இடுப்பில் முன்பக்கம் கட்டும் மேலாடைக்கு (ஏப்ரன்) வருவோம். கல்தச்சர் இடுப்பில் கட்டிய தோலாடை, இங்கே வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலாலான சிறு மேலாடையாகியிருக்கிறது. இங்கிலாந்து முறையில் முதற்படியில் அது வெறும் வெள்ளை; இரண்டாம் படியில் இரண்டு நீலப் பூமுடிச்சுகள் சேர்கின்றன; மூன்றாம் படியில் நீலக் கரையும் மூன்றாம் பூமுடிச்சும் வந்துவிடுகின்றன. உழைப்பவன் உடை எல்லோருக்கும் பொது என்பதுதான் தொடக்கத்தில் அதன் பொருள். தமிழ்நாட்டு வரலாற்றில் இந்த மேலாடைக்கு ஓர் இடம் உண்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770களில் திருச்சிராப்பள்ளியில் பிரீமேசனாகச் சேர்க்கப்பட்டார். இந்தியர்களுள் முதன்முதலாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் அவர். செய்தியறிந்து மகிழ்ந்த லண்டன் தலைமை லாட்ஜ், வேலைப்பாடு மிக்க நீல மேலாடை ஒன்றையும் சிறப்பாக பைண்டு செய்த விதிநூலையும் அவருக்கு அனுப்பிவைத்தது. கல்லுடைத்தவனின் தோலாடை நவாப் மகனுக்கு அரசுமுறைப் பரிசாகி வந்தபோது அதன் பொருள் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதைப் பாருங்கள். அவர் நவாபாகி 1801இல் இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு நவாப்களின் கர்நாடக ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சகோதரத்துவம் அதைத் தடுக்கவில்லை.

நவாபின் மகனைச் சேர்த்துக்கொள்வதில் சின்னம் சார்ந்த சிக்கல் எழவில்லை. ஒரே இறைவனை நம்பும் இஸ்லாமியர் திருக்குர்ஆன் மீது உறுதிமொழி எடுக்கலாம். பார்சிகளும் இந்துக்களும் வந்தபோதுதான் மேடைமேல் இருக்கும் நூல் எதைக் குறிக்கிறது என்ற கேள்வி கூர்மையாயிற்று. மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சியைப் பம்பாய் லாட்ஜ்கள் ஏற்காததால் அவர் பாரிசுக்குச் சென்று பிரீமேசனானார். அதன் பின் இந்தியர்களையும் சேர்க்கும் லாட்ஜ் ஒன்று பம்பாயில் 1843இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863இல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்குபவர் ‘பெருஞ்சிற்பி’ ஒருவரை நம்புவதாக எப்படிச் சொல்ல முடியும், எந்த நூலின் மீது அவர் சத்தியம் செய்தால் அது அவரைக் கட்டும் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர் 1872இல்தான் சேர்க்கப்பட்டார். தத் சேர்ந்த அதே லாட்ஜில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பின்னாளில் விவேகானந்தர் என அறியப்பட்ட நரேந்திரநாத் தத்தரும் சேர்ந்தார். அந்த விவாதத்தின் விளைவாக, வேதநூல் என்றால் விவிலியம் என்று இருந்தது, உறுதிமொழி எடுப்பவரின் மனச்சாட்சியைக் கட்டும் நூல் எதுவோ அது என்று இந்தியாவில் விரிந்தது. இந்தியத் தலைமை லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று ராம்பூர் நவாபின் தலைமையில் அமைந்தது. அதன் கூடங்களில் பகவத் கீதை, திருக்குர்ஆன், விவிலியம், குரு கிரந்தம், பார்சிகளின் அவெஸ்தா ஆகியவை ஒருசேர வைக்கப்படுகின்றன.

பிரான்ஸ் இதற்கு நேரெதிரான வழியில் சென்றது. அங்குள்ள கிராண்ட் ஓரியன்ட் அமைப்பு 1877இல் கடவுள் நம்பிக்கையை வலியுறுத்தும் வாசகத்தைத் தன் விதிகளிலிருந்து நீக்கிவிட்டது. அதன் லாட்ஜ்களில் மூலைமட்டமும் கவராயமும் சங்கத்தின் விதிநூல் மீதோ, எதுவும் எழுதப்படாத வெள்ளைத்தாள் புத்தகத்தின் மீதோ வைக்கப்படுவதுண்டு. இங்கிலாந்து அதை ஏற்கவில்லை. மேலே இருக்கும் இரண்டு கருவிகளில் எந்த வேறுபாடும் இல்லாதபோதிலும், அடியிலிருக்கும் நூலை முன்னிட்டு முறிந்த அந்த உறவு இன்றளவும் சரியாகவில்லை. இங்கிலாந்தின் ஒன்றுபட்ட தலைமை லாட்ஜும் கிராண்ட் ஓரியன்டும் ஒன்றையொன்று அங்கீகரிப்பதில்லை, ஓரமைப்பின் உறுப்பினர் மற்றதன் சபையில் அமரவும் முடியாது.